மாடியக்காவின் இரண்டாவது திரை

சட்டை தைக்கும் கம்பெனியின் மாடியறையில் அவள் ஒருத்திதான். எல்லோரும் மாடியக்கா என்பார்கள். மாடிக்கு மட்டும் யாரும் ஏறமாட்டார்கள். சட்டையின் கை, காலர், முதுகு எல்லாவற்றையும் கணினியில் வரைந்து கீழே வெட்டும் மேசைக்கு அனுப்புவது அவள் வேலை. முன்பு எதிர் நாற்காலியில் அதே வேலைக்கு சோடாபுட்டி இருந்தாள். வாய் ஓயாது. கல்யாணமாகி வேறு ஊர் போய்விட்டாள். வேலை கூடினால் இன்னொரு ஆள் போடலாம் என்று முதலாளி அன்றைக்கே சொல்லிவைத்தார்.

பழைய கணினி ஒருநாள் கண்ணை மூடியது. இரண்டு கடைகளிலிருந்து இரண்டு கணினிகள் பார்வைக்கு வந்தன.

சின்னது சாப்பாட்டு டப்பா அளவு. பழைய மென்பொருள் அதில் உடனே ஓடியது. பழைய சட்டைகள் குறையின்றித் திறந்தன. ஆனால் மூடி முத்திரையிட்ட பெட்டி. நினைவகம் கூட்ட முடியாது, இன்னொரு திரை மாட்ட வழியில்லை.

பெரியதைத் திறந்தால் உள்ளே காலி இடங்கள். இன்னொரு திரையும் விசைப்பலகையும் மாட்டினால் இரண்டு பேர் உட்காரலாம் என்றார் கடைக்காரர். அக்கா எதிர் நாற்காலியைப் பார்த்தாள். ஆனால் பழைய மென்பொருள் அதில் ஓடாது. புதிய மென்பொருளில் பழைய படங்கள் திறந்தன, வெட்டுக்குறிகளைக் காணோம். எந்தத் துண்டு எங்கே சேரவேண்டும் என்று தையல்காரருக்குக் காட்டும் சின்னக் கோடுகள் அவை.

"எது வாங்கலாம்மா?" என்றார் முதலாளி.

"பெருசு சார். பின்னாடி எதை வேணா சேத்துக்கலாம். குறியெல்லாம் திரும்பப் போடணும், அது ஒரு ஆளால ஆகாது."

அவள் சொன்னது ஒன்றும் பொய்யில்லை. முதலாளி தலையாட்டினார். அன்று மாலையே அவள் எதிர் நாற்காலியைத் துடைத்து வைத்தாள்.

பெரிய கணினியும் கூடவே இரண்டாவது திரையும் வந்தன. ஆள் வரவில்லை. ரெண்டு திரை இருந்தால் ஒருத்தியே ரெண்டு ஆள் வேலை பார்க்கலாமாம்; கடைக்காரர் முதலாளிக்கு அப்படியும் சொல்லியிருக்கிறார். சும்மா கிடந்த நாற்காலி பொத்தான் வைக்கும் பிரிவுக்கு இறங்கிப் போனது.

இரண்டு திரைக்கு நடுவே உட்கார்ந்து அக்கா குறி போட ஆரம்பித்தாள். சோடாபுட்டி வரைந்த சட்டை ஒன்று வந்தது. போனை எடுத்து அவளைக் கூப்பிட்டாள்.

"கைக்குப் பின்பக்கம் வெட்டுக்குறி ஒண்ணா, ரெண்டாடி?"

"ரெண்டுக்கா. முன்பக்கம் ஒண்ணு. நீங்கதானே மொத நாளே சொல்லிக் குடுத்தீங்க? என்ன ஆச்சு உங்களுக்கு?"

"மறந்துபோச்சுடி."

அந்தப் பக்கம் குழந்தை அழுதது. அப்புறம் பேசுகிறேன் என்று சோடாபுட்டி வைத்துவிட்டாள்.

அக்கா பின்பக்கம் இரண்டு குறி போட்டாள். அடுத்ததும் சோடாபுட்டியின் சட்டைதான். காலர், முதுகு, பை எல்லாவற்றையும் முடித்தாள். கையை மட்டும் நாளைக்கென்று விட்டுவைத்தாள்.