சித்தப்பாவின் போர்வையை வென்ற கதை

பழைய மெக்சிக்கோவின் அஸ்டெக் மக்கள் ஆட்டப் பிரியர்கள் என்று ஐந்தாம் வகுப்பில் கேள்விப்பட்ட அன்றே நான் அவர்கள் கட்சியில் சேர்ந்துவிட்டேன். பாயில் சிலுவை போலக் கட்டம் வரைந்து, ஒரு பக்கம் புள்ளி வைத்த ஐந்து பீன்ஸ் கொட்டைகளை வீசிப் பத்தோலி என்றோர் ஆட்டம் ஆடுவார்களாம். போர்வையோ நகையோ பந்தயம் வைக்காமல் ஆடவே மாட்டார்களாம். அதை வீட்டில் ஆடிப் பார்த்து வகுப்பில் சொல்ல வேண்டும். அப்படியொரு வீட்டுப்பாடம் எனக்குப் பிறகு கிடைக்கவே இல்லை.

அகப்பட்டவர் சித்தப்பா. பாரிஸிலிருந்து வந்து, கோலியர்ஸ் வுட்டில் இருந்த எங்கள் வீட்டு முன்னறைச் சோபாவில் இரண்டு வருடமாகப் படுத்தெழும்பியவர். தாயத்தில் அவரை வென்றவர் எங்கள் வீட்டில் இல்லை. அவருடைய மயில் படம் போட்ட தடித்த போர்வையில் எனக்கு நெடுநாளாகக் கண். பந்தயம் என்னவென்று கேட்டதும் அதையே தூக்கி நடுவில் வைத்தார். அவசரமாக என் பாசிமாலையைக் கழற்றி வைத்தேன்.

"தம்பி, பிள்ளைக்குச் சூதோ பழக்கிறீர்?" என்று சமைத்துக்கொண்டிருந்த அம்மா குசினியிலிருந்து கத்தினார்.

"அம்மா, இது ஹோம்வேர்க்!"

மெக்சிக்கோவின் ஆட்டத் தெய்வத்தின் பெயர் வாயில் நுழையாததால், சித்தப்பா கொட்டைகளை முருகன் கலண்டருக்கு நேரே காட்டிக் கும்பிட்டுவிட்டுத் தொடங்கினார்.

கடைசியில் இருவருக்கும் ஒவ்வொரு காய்தான் மிச்சம். ஐந்து புள்ளியும் மேலே விழுந்தால் அவருக்கு வெற்றி. வீசினார். நான் குனிந்து எண்ணுவதற்குள் அவர் சுண்டுவிரல் ஒரு கொட்டையைப் புரட்டியது.

"கள்ளம்! சித்தப்பா கள்ளம்!" சோபாவில் ஏறிக் குதித்தேன்.

"ஓம் பிள்ளை, பிழைதான். என்ர முறை போச்சு. நீ போடு."

போட்டேன். எனக்கு வேண்டிய மூன்று புள்ளி விழுந்தது. நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டார் சுவரில் தட்டினார்கள்.

அந்தச் சனிக்கிழமையே சித்தப்பா தோர்ண்டன் ஹீத்தில் ஓர் அறைக்குக் குடிபோனார். எனக்கு அன்று காலைதான் சொன்னார்கள். இரண்டு பைகளோடு வாசலில் நின்றவரைக் கண்டதும் அழுகை வந்தது. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை.

"போர்வை தரமாட்டன். அது நான் வெண்டது."

"வெண்டதை ஆர் கேக்கிறது?" என்று சிரித்தபடி போனார்.

போன வாரம் என் மகளோடு அதே ஆட்டம் ஆடினேன். எனக்கு வேண்டிய ஐந்து புள்ளியும் விழுந்தன. அவள் எண்ணுவதற்குள் என் சுண்டுவிரல் ஒரு கொட்டையை மெல்லக் கவிழ்த்தது. அன்று நான் சித்தப்பாவின் விரலை மட்டும்தான் பார்த்தேன். அது எந்தப் பக்கம் புரட்டியது என்று பார்க்கவில்லை.