யூ யாங்ஸ் மலையடியில் ஒரு கடிதம்

என் மேசையில் ஒரு கருங்கல் துண்டு இருக்கிறது. உள்ளங்கையளவு, சாம்பல் நிறம். வெயில் பட்டால் உள்ளே சிறு மணிகள் மினுங்கும். யூ யாங்ஸ் மலையடியில் அதைப் பொறுக்கியவர், நகர ஓரத்து ட்ருகனினாவில் ஒரு களஞ்சியத்தில் என்னோடு பெட்டி அடுக்கிய அண்ணை.

அவர் அகதியாகப் படகில் வந்தவர், தற்காலிக விசா. நான் ஊரில் பத்திரிகையில் இருந்தவன் என்பதால், எங்கள் ஆட்களுக்கு வரும் ஆங்கிலக் கடிதங்களை நான்தான் வாசித்துச் சொல்வேன். உறையைக்கூட நான்தான் கிழிக்க வேண்டும், அது வழக்கமாகிவிட்டது. விசா முடிவு வந்த அன்றே அண்ணை அதை ஜாக்கெட்டின் உட்பையில் கொண்டுவந்தார். ஞாயிறு பார்க்கலாம் என்றேன். அந்த ஞாயிறும் ஏதோ சாட்டுச் சொன்னேன். முந்தின மாதம் இன்னொருவருக்கு ஒரு மறுப்பை வாசித்த பிறகு, அந்த நீள உறையைக் கண்டாலே எனக்குக் கை குளிர்ந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு பகல் அவரே என்னைக் காரில் ஏற்றிப் போனார். "வீட்டிலை வேண்டாம் தம்பி. கூடாத செய்தியெண்டால் பிறகு அந்தக் கதிரையிலை இருக்கேலாது."

மலையடியில் இறங்கியதும், நேரத்தைக் கடத்த, மலையைப் பற்றித் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். பூமிக்கடியில் பழைய பாறைகளுக்குள் உருகிய குழம்பு புகுந்தது. மேலே வராமல் அங்கேயே மெல்ல ஆறி இறுகியது. மேலிருந்த பாறை காலப்போக்கில் தேய்ந்துபோக, இது வெளியே தெரிந்தது. மலையின் பெயர் இந்த மண்ணின் பூர்வகுடிகளுடையது. உச்சிக்கு மட்டும், கப்பலில் வந்து ஏறிப் பார்த்த ஒருவருடைய பெயர்.

"கப்பலிலை வந்தவருக்கு மலை. படகிலை வந்த எனக்குத் தடுப்புக் காம்பிலை ஒரு நம்பர்" என்று சிரித்தார். சிரிப்பு முடியுமுன் உறையை நீட்டினார். "இப்ப வாசியும்."

மறுப்பு. கடைசிப் பந்தியில் மேன்முறையீட்டுக்கான இறுதி நாள் இருந்தது. வெள்ளிக்கிழமை. இரண்டு நாள் முந்தி. மூன்று தரம் வாசித்தேன்.

"என்ன தம்பி, கனக்க எழுதிக்கிடக்கோ?"

சொன்னேன். அவர் திட்டவில்லை. என் கையிலிருந்த தாளை வாங்கிக் காரின் முன்மூடியில் விரித்தார். "காத்து அடிக்குது" என்று குனிந்து இந்தக் கல்லை எடுத்து அதன்மேல் வைத்தார். பிறகு தாளை மடித்துப் பையில் வைத்தார். கல்லை நான் எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் அவர் வேலைக்கு வரவில்லை. நகரின் மறுகோடியில், நோபல் பார்க்கில் கண்டதாக ஒருவர் சொன்னார். தொலைபேசி இன்றுவரை எடுபடவில்லை.

இப்போதும் கடிதங்கள் வருகின்றன. களஞ்சிய வாசலிலேயே, நீட்டிய நிமிடமே, கிழிக்கிறேன். கை அப்படியேதான் குளிர்கிறது. கல் மேசையில் இருக்கிறது. அதன் கீழ் ஒரு தாளையும் நான் வைப்பதில்லை.