நான் வாய் திறக்காத ஒரு வட்டம்

எனக்கு ஒழுங்காக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. எழுத்துப் பிழையும் வசனப் பிழையும் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இப்போது மறதியும் சேர்ந்துவிட்டது. அடுப்பில் எதை வைத்தேன் என்பது மறந்துபோகிறது. மூன்று வருடத்துக்கு முந்திய ஒரு காலை மட்டும் மறக்க மாட்டேன் என்கிறது. அதைத்தான் எழுதப் பார்க்கிறேன்.

நாங்கள் சுவிஸில், ஊஸ்டர் என்ற ஊரில் இருக்கிறோம். என் கணவர் இருபது வருடத்துக்கு மேல் விமான நிலையத்தில் விமானங்களின் உள்ளே துப்புரவு வேலை செய்தவர். ஒரு கூட்டம் இறங்கி அடுத்த கூட்டம் ஏறுவதற்குள் கூட்டி, துடைத்து, இருக்கைப் பட்டிகளைக் குறுக்காகப் போட்டுவிட்டு இறங்க வேண்டும். நான் ஒரு முதியோர் இல்லத்தின் சலவைக்கூடத்தில் அயன்பெட்டி பிடித்து விரிப்புகள் மினுக்கியவள். இரண்டு பேருக்கும் பென்ஷன் வந்த பிறகு, அவர் கட்டடத்தின் நிலவறையில், இங்கே கெல்லர் என்பார்கள், எங்களுக்கென்று இருந்த சின்ன அறையில் விமானம் கட்டத் தொடங்கினார்.

ரிமோட்டில் பறக்கும் விமானம் என்றால் விளையாட்டுச் சாமான் என்று நினைப்பீர்கள். இது நாலு எஞ்சின் வைத்த பயணிகள் விமானம். இறக்கை நுனிக்கு நுனி நாலு மீற்றர். எங்கள் வரவேற்பறையில் நேராக வைக்க முடியாது, மூலைக்கு மூலை சரித்துத்தான் வைக்கலாம். நிறை இருபத்து நாலு கிலோ. வரைபடம் பார்த்துத்தான் கட்டினார். ஆனால் கதவு வாசலில் ஆட்களின் சப்பாத்துப் பட்டுத் தேய்ந்த கோடு எந்த வரைபடத்திலும் இல்லை. அதை ஞாபகத்தில் இருந்து கீறினார். ஒரு கம்பனியின் பெயரும் போடவில்லை. வெறும் வெள்ளை.

இறக்கைக்கு மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்ட வேண்டும். சூடு பட்டால் இழுபட்டு மரத்தோடு ஒட்டுகிற தாள். அவர் ஒட்டிய முதல் துண்டு முழுக்கச் சுருக்கம்.

"உது இறக்கையோ, கழுவிப்போட்டுப் பிழியாமல் விட்ட சீலையோ?" என்று கேட்டேன். "இஞ்சை தாங்கோ அயன்பெட்டியை."

"எரிச்சுப்போடாதையும்."

"கிழடு கட்டையளின்ரை விரிப்பெல்லாம் மினுக்கினனான். ஒண்டும் எரியேல்லை, ஒருத்தரும் எரியேல்லை."

அவர் சிரித்துவிட்டு அயன்பெட்டியைத் தந்தார். அதன் பிறகு தாள் ஒட்டுவது என் வேலை. நான் வெட்கப்படுகிற ஆள். கோயிலில்கூட ஓரமாகத்தான் நிற்பேன். அந்தக் கெல்லருக்குள் மட்டும் எனக்கு வாய் இருந்தது.

கட்டத் தொடங்கி ஐந்தாவது வருடம் அவருக்குக் கண்ணில் வருத்தம் வந்தது. நேரே பார்க்கிற இடம் மங்கும், ஓரம் தெரியும். கண்ணுக்குள் ஊசி போட்டார்கள். நோயைக் கொஞ்சம் பிந்தவைக்கலாம், நிறுத்த முடியாது என்றார் டாக்டர். அன்றிலிருந்து அது பொழுதுபோக்கு இல்லை. கண் முந்திப் போகுமா, விமானம் முந்தி முடியுமா என்ற ஓட்டமாகிவிட்டது. ஒவ்வொரு காலையும் குளியலறைச் சுவரில் ஓடுகளுக்கு நடுவே போகும் கோடுகளை ஒற்றைக் கண்ணால் பார்ப்பார். கோடு நேற்றையைவிட வளைந்து தெரிந்தால் தேத்தண்ணியும் குடிக்காமல் கெல்லருக்கு இறங்கிவிடுவார். கடைசியில் அவர் விரலால் தடவிப் பார்க்க, நான் அளவுகோலில் மில்லிமீற்றர் வாசித்தேன்.

"ஒருக்கா, ஒரேயொருக்கா என்ரை கையாலை ஏத்தி இறக்கினால் காணும்," என்றார் ஒருநாள். "பிறகு ஆரெண்டாலும் வைச்சிருக்கட்டும்."

அவருக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். எனக்கும் அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

பறக்கவிடும் கழகத்தில் அவருக்கு ஒரு சுவிஸ் நண்பர் இருந்தார். முன்பு டிராம் ஓட்டியவர். பக்கத்தில் நின்று இடம், வலம், உயரம் சொல்வதாக அவர் ஒத்துக்கொண்டார். பறக்கவைக்கும் பெட்டியும் பேசும். விமானத்தின் வேகத்தை ஒரு பெண் குரல் ஜெர்மனில் சொல்லிக்கொண்டே இருக்கும். கண் தெரியாதவருக்கு அந்தக் குரல்தான் பாதிக் கண். எண்பதுக்குக் கீழே போனால் விமானம் விழுந்துவிடும் என்று எனக்கும் சொல்லித் தந்திருந்தார். அந்த வேகத்தை அளப்பதற்கு இடது இறக்கையின் முன்விளிம்பில் ஒரு மெல்லிய பித்தளைக் குழாய் நீட்டிக்கொண்டிருந்தது. ஊசி போகிற அளவு துளை. பூட்டிய அன்று அதை வாயால் ஊதினார். பெட்டி "முப்பது" என்றது.

"புட்டு அவிச்ச அடுப்பை ஊதின வாய்க்கு எவ்வளவு சொல்லும் எண்டு பாப்பம்," என்று நானும் ஊதினேன். எனக்கு நாற்பது சொன்னது. இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு அந்தக் குழாயை நான் மறந்தே போனேன்.

பறக்கவிட்டது ஒரு சனிக்கிழமை. பன்னிரண்டு மணிக்கு மேல் கழகத்தில் சத்தம் போடக்கூடாது, பக்கத்து ஊரின் மத்தியான ஓய்வு. அதற்குள் முடிக்க வேண்டும். முதல் நாளே அவரிடம் கேட்டேன்.

"ஒரு சந்தனப் பொட்டு வைக்கட்டோ? புதுக் கார் எண்டாலே கோயிலுக்குக் கொண்டுபோய்த்தானே ஓடுறம்."

"வைச்சால் பிறகு சக்கரத்துக்குக் கீழை தேசிக்காயும் எண்டுவீர். அவங்கள் சிரிப்பாங்கள். பேசாமல் இரும்."

பேசாமல்தான் இருந்தேன். ஆனால் மனம் கேட்கவில்லை. சந்தனத்தைக் குழைத்து ஒரு சின்ன டப்பாவில் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். வெளியில் இறக்கைகளைப் பூட்டி, எல்லாம் சரிபார்த்து, குழாயையும் ஊதிப் பார்த்துவிட்டு அவர்கள் கோப்பி குடிக்கப் போனார்கள். நான் மட்டும் விமானத்தோடு நின்றேன். மூக்கில் வைத்தால் வெள்ளையில் பளிச்சென்று தெரியும். ஒருவர் கண்ணிலும் படாத இடமாகத் தேடினேன். பித்தளையின் நிறமும் சந்தனத்தின் நிறமும் ஒன்றுபோல இருந்தது. அந்தக் குழாயின் நுனியில் வைத்து, விழாதபடி விரலால் நன்றாக அமத்திவிட்டேன். ஒரு மணித்தியாலம் வெயிலில் காய்ந்தது.

அவரோடு விமான நிலையத்தில் வேலை செய்த தம்பி ஒருவரும் பார்க்க வந்திருந்தார். தம்பி என்றாலும் ஐம்பது தாண்டியவர்.

"அண்ணை, உள்ளுக்கை கூட்டித் துடைச்சாச்சோ?" என்றார். "சீற்றுக்குக் கீழை சுவிங்கம் ஒட்டியிருக்கும், பாருங்கோ."

"உன்னைத்தான் உள்ளுக்கை விடோணும். குனியாமல் வேலை செய்தவன் நீ ஒருத்தன்தான்," என்றார் இவர். அன்று அவர் கடைசியாகச் சொன்ன பகிடி அது.

பறக்கவிடுபவர்கள் நிற்கும் இடத்துக்கும் எங்களுக்கும் நடுவே இடுப்பளவு வலை. விமானம் மேலே இருக்கும்போது யாரும் அதைத் தாண்டக்கூடாது, பேச்சும் கொடுக்கக்கூடாது. நானும் அந்தத் தம்பியும் வலைக்கு இந்தப் பக்கம் நின்றோம்.

விமானம் ஓடத் தொடங்கியது. பெட்டிக் குரல் "பூச்சியம், பூச்சியம்" என்றது. சுவிஸ் நண்பர் திரையைக் குனிந்து பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் சக்கரம் தரையை விட்டுவிட்டது. மேலே ஏற ஏறக் குரலும் ஐம்பது, தொண்ணூறு, நூற்று முப்பது என்று ஏறியது.

"எண் வந்திட்டுது," என்று என் கணவர் சொன்னது எனக்குக் கேட்டது. அந்தச் சொல்லில் இருந்த நிம்மதியை நான் வேறு எப்போதும் கேட்டதில்லை.

அது உண்மையான விமானம் போலவே போனது. நான் மினுக்கிய இறக்கையில் வெயில் பட்டது. ஒரு சுருக்கம் இல்லை. பற்றரி ஆறு நிமிடத்துக்குத்தான். இரண்டு வட்டம் போய் இறக்கத்துக்குத் திருப்பினார். விமானம் இறங்க இறங்கக் குரல் குறைந்தது. நூறு, எண்பது, அறுபது. அவர் பதறி எஞ்சினைக் கூட்டினார். விமானம் தரையில் படாமல் எங்கள் முன்னால் சீறிக்கொண்டு போனது.

"கூடின வேகம்," என்று சுவிஸ் நண்பர் கத்தினார்.

"இல்லை, பெட்டி அறுபது எண்டுது," என்று இவர் ஜெர்மனில் திருப்பிச் சொன்னார். அவருக்கு விமானம் ஒரு வெள்ளைப் புகை மாதிரித்தான் தெரிந்திருக்கும். அவர் எண்ணைத்தான் நம்பினார்.

"காத்தாக்கும் அக்கா, பயப்பிடாதேங்கோ," என்றார் பக்கத்தில் நின்ற தம்பி.

அப்போதுதான் எனக்குக் குழாய் ஞாபகம் வந்தது. ஊதியது, முப்பது, நாற்பது, சிரித்தது எல்லாம் ஒன்றாக வந்தது. என் விரல் நுனியைப் பார்த்தேன். நகத்துக்குள் சந்தனம் இருந்தது.

துளை அடைபட்டால் ஏறும்போது எண் கூடும், இறங்கும்போது குறையும், வேகத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்காது என்பது பிறகுதான் எனக்குத் தெரியும். ஆனால் எண் பொய் என்பதும், பொய்யாக்கியது நான் என்பதும் அந்த நிமிடமே விளங்கிவிட்டது.

நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.  வலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அங்கே பத்துப் பன்னிரண்டு சுவிஸ் ஆண்கள் நின்றார்கள். அவர்கள் நடுவே போய், சாமிப் பொட்டு வைத்து விமானத்தைக் கெடுத்துவிட்டேன் என்று எந்த மொழியில் சொல்வேன். அவர் அவர்கள் முன்னால் தலைகுனிய வேண்டி வருமே என்று நினைத்தேன். இந்தத் தரம் இறங்கிவிடும், இறங்கிவிட்டால் துடைத்துவிடலாம், ஒருவருக்கும் தெரியவராது என்றும் நினைத்தேன். அதுதான் உண்மை. முருகா, இறக்கிவிடு என்று நேர்ந்துகொண்டு, வாயை மூடிக்கொண்டு, ஒரு முழு வட்டத்தைப் போகவிட்டேன்.

இரண்டாம் தரமும் அதேபோல எண் குறைந்தது. அவர் எஞ்சினைக் கூட்டினார். விமானம் மறுபடியும் தலைக்கு மேலால் போனது. சுவிஸ் நண்பர் கையில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்து, "ஐந்து நிமிடம் போய்விட்டது," என்றார். என் கணவரின் முதுகு நனைந்து சட்டை ஒட்டியிருந்தது.

நான் வலையைத் தாண்டினேன். எப்படித் தாண்டினேன் என்று தெரியாது, பாவாடை கிழிந்திருந்ததை வீட்டில்தான் பார்த்தேன். யாரோ என்னை நோக்கிக் கத்தினார்கள்.

"இஞ்சேருங்கோ, அந்த எண்ணைக் கேளாதேங்கோ. அது பொய்."

"என்னப்பா? தள்ளி நில்லும்."

"குழாயிலை நான் பொட்டு வைச்சனான். துளை அடைச்சுப் போச்சு."

அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு மூச்சு விட்டார். நான் சுவிஸ் நண்பரிடம் எனக்குத் தெரிந்த ஜெர்மனில், துளை மூடி, நான் செய்தது, என்று மட்டும் சொன்னேன். அவர் பெட்டியில் ஏதோ ஒன்றை அமத்தினார். குரல் நின்றது. அதன் பிறகு அவருடைய குரல் மட்டும்தான். கொஞ்சம் இடம். குறை. இன்னும் குறை. சரி. டிராம் ஓட்டியவர் அல்லவா, பதறாமல் சொன்னார். இவரும் அப்படியே செய்தார். விமானம் கடைசியாகத் திரும்பி, பாதைக்கு நேராக, பூப்போல இறங்கி வந்தது. 

சோளத் தோட்டத்துக்கு மேலே வரும்போது எஞ்சின் சத்தம் நின்றது. நாலும் ஒன்றாக நின்றன. பற்றரி முடிந்துவிட்டது. பாதைக்கு இன்னும் முப்பது அடி தூரம் இருந்திருக்கும். சோளத்துக்குள் போய் விழுந்த சத்தம், ஒரு அலுமாரி கோப்பை தட்டுகளோடு விழுந்தது போல இருந்தது.

அவரைக் கையில் பிடித்துத்தான் சோளத்துக்குள் கூட்டிப்போனேன். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. "என்ன மிச்சம்?" என்று கேட்டார்.

"வால் இருக்கு. வலது செட்டை இருக்கு. மூக்கு இல்லை."

முழங்காலில் நின்று தடவினார். கிழிந்த தாளைத் தடவி, ஒட்டியிருந்த இடம் வரைக்கும் விரலைக் கொண்டுபோனார். "உம்மடை ஒட்டு விடேல்லை," என்றார். பிறகு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். நான் கேட்ட மன்னிப்பு அவர் காதில் விழுந்ததா தெரியாது.

கழகத்தில் அவர் பொட்டைப் பற்றி வாயே திறக்கவில்லை. அளவுக் கருவி பழுது என்று சொன்னார். சுவிஸ் நண்பரும் அப்படியே சொன்னார். அவர்களுடைய புத்தகத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறதாம். எங்கள் ஆட்கள் வீட்டுக்கு வந்து துக்கம் விசாரிப்பது போல விசாரித்தபோது, "என்ரை மனுசி விளங்கின உடனை வலையைத் தாண்டி ஓடிவந்தவ, வெக்கத்தையும் பாக்காமல்," என்று சொல்வார். நான் தேத்தண்ணி போட எழும்பிவிடுவேன்.

விளங்கின உடனே நான் ஓடிவரவில்லை. அது அவருக்குத் தெரியாது.

இப்போது அவருக்கு வாசிக்க முடியாது. இதை யாராவது வாசித்துக் காட்டினால்தான் உண்டு. அதற்கு முன் எனக்கு ஒரு உதவி வேண்டும். அந்தப் பெட்டி ஒவ்வொரு நொடியும் என்ன நடந்தது என்று தனக்குள் பதிந்து வைக்குமாம். அது இன்னும் சுவிஸ் நண்பரிடம் இருக்கிறது. நான் எழுதிய நிமிடங்களும் தூரமும் என் ஞாபகம்தான், அந்தத் தம்பி வேறு மாதிரிச் சொல்கிறார். ஜெர்மனும் விமானமும் தெரிந்த யாராவது அதைத் திறந்து சரிபார்த்துச் சொல்ல வேண்டும். முதல் தரம் அது இறங்காமல் போனபோது எத்தனை நிமிடம், இரண்டாம் தரம் எத்தனை. நான் சும்மா நின்ற வட்டம் எவ்வளவு நேரம். அப்போதே சொல்லியிருந்தால் பற்றரி காணுமாயிருந்ததா என்பதையும் பாருங்கள். எது என்றாலும் எனக்குச் சொல்லுங்கள். பிழையைத் திருத்திவிட்டு நானே அவருக்கு வாசித்துக் காட்டுகிறேன்.