எழுத்தில்லாமல் விற்ற மோட்டார் சைக்கிள்

டுசல்டோர்ஃபில் புவனேந்திரனைத் தெரியாத தமிழ்ச் சனம் குறைவு. சரசாலை ஐயாத்துரையரின் கடைசி மகன், கலாதேவியின் புருசன். விமானங்களுக்குச் சாப்பாடு அனுப்புகிற சமையல்கூடத்தில் முப்பத்தொரு வருசமாக வேலை. விடிய நாலு மணிக்கு வேலை தொடங்கும், அந்த நேரம் ட்ராம் இல்லை. அதனால்தான் நாற்பது வயதில் லைசென்ஸ் எடுத்து ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினார். பதினெட்டு வருசம் ஓடினார். ஒருநாளும் ஒரு பொலிஸ்காரன் அவரை மறித்து ஒரு சொல் கேட்டதில்லை. போன வருசம் முழங்காலில் சத்திரசிகிச்சை செய்த பிறகு காலைத் தூக்கிப் போட ஏலாமல் போய்விட்டது. விற்பதென்று முடிவாயிற்று.

மகள் கம்சனா ஆஹெனில் ஓர் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறவள். இணையத்தில் விளம்பரம் போட்டவள் அவள்தான். ஒப்பந்தப் பத்திரத்தை இரண்டு பிரதி அச்சடித்து வைத்தாள். அவுஸ்வைஸை, அதுதான் அடையாள அட்டையை, படம் எடுக்காமல் ஆளை வண்டியில் ஏற விடாதேயுங்கோ என்றாள். பதிவை நிறுத்தி இலக்கத் தகட்டைக் கழற்றாமல் வண்டியைக் கொடுக்கவே கூடாது என்று இரண்டு தரம் சொன்னாள். புவனேந்திரன் தலையாட்டினார். முதல் வந்த இரண்டு பேரிடமும் அப்படியே நடந்தார். அதில் ஒருவன் அட்டை காட்ட மறுக்க, வாசலோடேயே அனுப்பிவிட்டார்.

மூன்றாவதாக வந்த பொடியன் தமிழ்ப் பொடியன். எந்த ஊர் தம்பி என்று இவர் கேட்டார். அதோடு காரியம் கெட்டது.

தாய் சரசாலை, பேர் சுகன்யாதேவி, பெரியான் பரியாரியாரின் மகன்வழிப் பேத்தி என்றான் பொடியன். பரியாரியாரும் புவனேந்திரனின் அப்பப்பாவும் தகப்பன்வழியில் ஒன்றுவிட்ட சகோதரர்கள். அப்படியென்றால் சுகன்யாதேவி இவருக்குத் தங்கச்சி, பொடியன் மருமகன். முறை வாயில் வந்த பிறகு அடையாள அட்டையை எந்த வாயால் கேட்பது? கலாதேவி வடை சுட்டுக் கொடுத்தாள். பொடியன் தந்த காசை எண்ணிப் பார்ப்பதும் மரியாதையில்லை என்று மேசை லாச்சிக்குள் வைத்தார். திங்கட்கிழமையே தன் பேருக்கு மாற்றிப்போடுவதாகப் பொடியன் சொன்னான். வண்டிப் பத்திரங்களையும் வாங்கிக்கொண்டு, இவருடைய இலக்கத் தகட்டோடேயே புறப்பட்டுப் போனான். ஒப்பந்தப் பிரதி இரண்டும் எழுத்து விழாமல் கோப்புக்குள் கிடந்தன.

அன்று பின்னேரம் கம்சனா தொலைபேசியில் கேட்டாள்.

"வாங்கினவற்ர பேர் என்னப்பா?"

"பபி."

"பபி எண்டு அவுஸ்வைஸில இருக்காது."

"பெரியான் பரியாரியாரின்ர பேத்தியின்ர மகன், பிள்ளை."

"அதுவும் அவுஸ்வைஸில இருக்காதப்பா."

மூன்று கிழமை கழித்துக் கடிதம் வந்தது. கிரேஃபெல்ட் பக்கத்தில், ஐம்பதில் போக வேண்டிய தெருவில் உங்கள் வண்டி எண்பத்திரண்டில் போயிருக்கிறது. ஓடினது நீங்கள் இல்லையென்றால், ஓடினவரின் முழுப்பெயர், பிறந்த தேதி, விலாசம் எழுதி ஒரு கிழமைக்குள் அனுப்புங்கள். கூடவே ஒரு படம். பின்னாலிருந்து எடுத்தது. இலக்கத் தகடு பளிச்சென்று தெரிகிறது. ஓடுகிறவனின் தலை ஹெல்மெட்டுக்குள்.

புவனேந்திரன் கடிதத்தை ஒப்பந்தப் பிரதிகள் கிடந்த கோப்புக்குள் வைத்தார். அதே கோப்புக்குள் இன்னொரு கடிதம் இருந்தது. ஜெர்மன் பாஸ்போட்டுக்கு அவர் போட்ட விண்ணப்பத்துக்கு நேரில் வரச்சொல்லி டெர்மின் கிடைத்திருந்தது, அடுத்த மாதம் பதினான்காம் தேதி. மொழிச் சோதனையில் இரண்டு தரம் விழுந்து, மூன்றாம் தரம் எழும்பி, முப்பத்தாறு வருசத்துக்குப் பிறகு வந்த டெர்மின். பேரில் ஏதாவது விசாரணை இருக்கிறதா என்று அந்தக் கந்தோரில் கேட்பார்கள். ஒரு வேகக் குற்றத்துக்குப் பாஸ்போட் நிற்காது என்று கம்சனா சொல்லிப் பார்த்தாள். அவர் நம்பவில்லை. அவளுக்கு வேறு பயம். ஆரையாவது அடித்துப்போட்டு அவன் ஓடினால், முதலில் கதவு தட்டப்படுவது இந்த வீட்டில்தானே. வண்டியை விற்றாயிற்று என்று வண்டி பதிகிற கந்தோருக்கு எழுதலாம்தான், ஆனால் ஆருக்கு விற்றது என்றும் எழுத வேண்டுமே.

பொடியன் தந்த போன் இலக்கத்துக்கு அடித்தார். அந்த இலக்கம் பாவனையில் இல்லை என்று ஒரு பெண்குரல் சொன்னது. திரும்பத் திரும்ப அதையே சொன்னது. மூன்று தலைமுறையைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார் புவனேந்திரன். பொடியனின் சொந்தப் பேர் தெரியாது, இருக்கிற தெரு தெரியாது. தெருவில் ஒரு மோட்டார் சைக்கிள் இரைந்தால் போதும், எழும்பி யன்னலடிக்குப் போய்விடுவார். வேலையிடத்தில் இரண்டு தரம் கையைச் சுட்டுக்கொண்டார்.

கடைசியில் பிராங்பேர்ட்டில் இருக்கிற அம்பிகா அக்காவுக்குப் போன் எடுத்தார். சரசாலைச் சனத்தின் குடும்ப விபரம் முழுக்க அவவிடம் இருக்கும். பொடியன் மீது பிழை சொன்னால் சொந்தத்துக்குள் நெருப்பு வைத்ததாகிவிடும். எழுத்தில்லாமல் விற்றேன் என்று தன் மடைத்தனத்தைச் சொல்லவும் வெட்கம். அதனால் சுகன்யாதேவியின் மகனின் முழுப்பெயரும் பிறந்த தேதியும் விலாசமும் வேண்டும் என்று மட்டும் கேட்டார். என்னத்துக்கு என்று அவ கேட்க, ஒரு நல்ல காரியத்துக்குத்தான் என்று சொல்லிவைத்தார்.

அக்காவின் குரல் இனித்துப்போனது. "பிறந்த நேரம் வேண்டாமோ தம்பி?"

"நேரம் தேவையில்லை அக்கா. தேதி காணும்."

"அதெப்பிடிக் காணும்? நான் தாயோட கதைச்சிட்டுச் சொல்லுறன்."

புதன் போனது, வியாழன் போனது. அக்கா எடுக்கவில்லை. பதில் போக வேண்டிய கடைசி நாள் திங்கள்.

சனிக்கிழமை பத்தரை மணிக்கு மணி அடித்தது. வாசலில் பட்டுச்சேலையோடு சுகன்யாதேவி, கையில் வாழைப்பழத் தட்டம். பின்னால் பபி. தாய் ரயிலில் வந்திருந்தா. மகன் மோட்டார் சைக்கிளில். அது கீழே பாண்கடைக்கு முன்னால் நின்றது, இன்னும் இவருடைய தகட்டோடு.

"நீங்கள் கேட்டதெண்டு அம்பிகா அக்கா சொன்னவ, அண்ணை. நாங்களே கொண்டந்திட்டம்," என்று மஞ்சள் பூசின ஒரு தாளை நீட்டினா. சாதகக் குறிப்பு. சிவராம் இளங்கீரன், பிறந்த தேதி, நேரம், நட்சத்திரம். அடியில் சோலிங்கன் விலாசம், வீட்டு இலக்கத்தோடு.

புவனேந்திரனின் கண் கலங்கிவிட்டது. தாய்க்காரிக்கும் கண் கலங்கியது, ஆனால் அவ நினைத்தது வேறு. அந்த நல்ல காரியத்தை அம்பிகா அக்கா என்னவென்று எடுத்தா என்பது அப்போதுதான் அவருக்கு விளங்கியது. கேட்டதெல்லாம் கைக்கு வந்துவிட்டது. தேத்தண்ணி கொடுத்து, யோசித்துச் சொல்லுறம் என்று அனுப்பிவிட்டு, ஆறுதலாகப் பார்த்து எழுதலாம். கலாதேவியின் கண்ணும் அதைத்தான் சொன்னது. சனி ஞாயிறுக்கு வீட்டுக்கு வந்திருந்த கம்சனா அறை வாசலில், உடற்பயிற்சிக்கு ஓடப் போகிற உடுப்போடு நின்று, தட்டத்தையும் தகப்பனையும் மாறி மாறிப் பார்த்தாள். மகளை வைத்து ஒரு பொய்யை நீட்ட அவருக்கு மனம் வரவில்லை.

"தங்கச்சி, நான் இதைக் கலியாணத்துக்குக் கேட்கேல்லை," என்றார். கோப்பைத் திறந்து கடிதத்தை மேசையில் வைத்தார்.

பபி, வண்டி சிநேகிதனுடையது என்று தாயிடம் சொல்லிவைத்திருந்தான். பேர் மாற்ற டெர்மின் கிடைக்கவில்லை, போன் கொம்பனி மாறினது, ஆர் ஓடினதென்று படத்தில் தெரியாதே என்று இழுத்தான். சுகன்யாதேவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தா.

"முதுகில தைச்சிருக்கிறது என்ர தையல். இந்த ஜக்கெற் கிழிஞ்சு வர நான்தான் தைச்சனான்," என்றா. பிறகு மகனைப் பார்க்கவேயில்லை. "எழுது."

பபி எழுதினான். கடிதத்தின் பதிலையும், ஒப்பந்தப் பிரதி இரண்டையும் தன் கையாலேயே நிரப்பி, வண்டி எடுத்த நாளையும் ஒளிக்காமல் போட்டுக் கையெழுத்து வைத்தான். கம்சனா அடையாள அட்டையைப் படம் எடுத்தாள். திருகாணிச் சாவியோடு கீழே போய்த் தகட்டைக் கழற்றிக்கொண்டு, வண்டியைப் பின்வளவுக்குள் தள்ளிவிட்டாள். உங்கட பேருக்குப் பதிஞ்சுபோட்டு வந்து எடுங்கோ என்றாள். அவன் அவளை நிமிர்ந்து பார்க்காமல் ஓம் என்றான்.

தாயும் மகனும் ட்ராமுக்கு நடந்தார்கள். தட்டத்தை அவ திருப்பிக் கேட்கவில்லை. கலாதேவியும் கொடுக்கவில்லை.

தபால் கந்தோர் ஒரு மணிக்குப் பூட்டும். புவனேந்திரன் முழங்கால் நோவோடு விந்தி விந்திப் போய், கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பினார். பற்றுச்சீட்டில் தேதி விழுந்திருக்கிறதா என்று பார்த்தார். வெளியே வர, போன் அடித்தது. அம்பிகா அக்கா. சம்பந்தம் முற்றானதா என்று கேட்கத்தான் எடுக்கிறா என்று அவருக்குத் தெரியும். என்ன சொல்லுவது என்று தெரியாது. பற்றுச்சீட்டைச் சட்டைப்பைக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, பிறகுதான் போனைக் காதில் வைத்தார்.