எல்லாக் கல்லுக்கும் ஒரே நீலம்

இரத்தினபுரியில் ஓர் இரத்தினக்கல் கடையின் இணைய விற்பனைக்குப் படம் திருத்துவது என் வேலை. ஒருநாள் இருநூறு நீலக்கற்களின் படங்கள் வந்தன. சோம்பலில் ஒன்றை மட்டும் திருத்தி, அதே நிறத்தை எல்லாவற்றுக்கும் கணினியில் ஒரே சொடுக்கில் போட்டுவிட்டேன். வெளிறிய கற்களும் படத்தில் அடர்நீலமாயின.

வாங்கியவர்கள், நிறம் வேறு என்று கற்களைத் திருப்பி அனுப்பினார்கள். பார்சல் கட்டும் மாலா கல்லை மாற்றிவிட்டதாக முதலாளி சொன்னார். அவள் எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. தப்பு என் படத்தில் என்று அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

"நான் மாத்தலங்க. அண்ணே, நீங்களாவது சொல்லுங்க."

"எனக்குத் தெரியாது" என்றேன்.

மாலாவின் வேலை போயிற்று. இப்போது அவள் தோட்டத்தில் கொழுந்தெடுக்கிறாள். நான் ஒவ்வொரு படத்தையும் தனித்தனியாகத்தான் திருத்துகிறேன். காலையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது, "வேலைக்காண்ணே?" என்று இன்னமும் சிரித்துக்கொண்டே கேட்கிறாள்.