நாத்தனார் போனில் மட்டும் வரும் வைஃபை

கத்தாரிலிருந்து என் கணவர் எனக்கும் நாத்தனார் சுகுணாவுக்கும் ஒரே மாதிரி போன்தான் அனுப்பினார். ஆனால் ஹட்டன் டவுனில் எந்தக் கடைக்குப் போனாலும் அவளுடையது தானாக வைஃபையில் சேர்ந்துகொள்ளும். என்னுடையது பாஸ்வேர்ட் கேட்கும்.

இன்று பேக்கரியிலும் அப்படித்தான்.

"அண்ணி, அண்ணன் மீசையை எடுத்துட்டாரு. போட்டோ வந்திருக்கு, பாருங்க" என்றாள்.

எனக்கு வயிறு எரிந்தது. பார்க்காமலே எழுந்து முதலாளியிடம் போனேன்.

"சுகுணாவுக்கு மட்டும் எப்படிங்க பாஸ்வேர்ட் குடுத்தீங்க?"

"அவங்க கேட்டாங்க. நீங்க கேட்டதே இல்லீங்களே" என்று என் போனிலும் அவரே அடித்துக் கொடுத்தார்.

உடனே கணவரின் மெயில் வந்தது. ஒரே வரி.

"போட்டோ சுகுணாவுக்கு அனுப்பியிருக்கேன், அவகிட்ட வாங்கிப் பாரு."

இன்னும் நான் பார்க்கவில்லை. அவருக்கு என்ன பதில் போடலாம், சொல்லுங்கள்.