மச்சான் செய்த பூட்டு

சர்க்கரை நோய் பற்றிய ஒரு சிறு புத்தகத்துக்குப் பிழை திருத்திய ஒரே தகுதியில், அந்த நோய்க்கு வைத்தியமும் எனக்குத் தெரியும் என்று நம்பியவன் நான். முப்பத்திரண்டு பக்கம். பாதி விளம்பரம். அதை நம்பி ஒரு மனிதரைக் கொல்லப் பார்த்தேன்.

அவர் என் அக்கா புருஷன். வீடு நாகல் நகரில், வேலை பூட்டுப் பட்டறையில். தொண்ணூறுகளின் கடைசியில் டாக்டர் அவருக்குச் சர்க்கரை என்று சொல்லி, சாப்பாட்டுக்கு முன்னால் போட மாத்திரை கொடுத்தார். மிச்சத்தை நான் கொடுத்தேன். காலையில் ஒரு வெள்ளரிக்காய், அரை டம்ளர் மோர். மத்தியானம் ஒரு கைப்பிடிச் சோறு. இட்லி கூடாது, பழம் கூடாது. அட்டையில் எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டினேன். சீனி, வெல்லம், பிஸ்கட் எல்லாவற்றையும் அலமாரியில் வைத்து, மச்சான் தன் கையால் செய்த பூட்டையே போட்டேன். தான் செய்ததை உடைக்க அவருக்கு மனசு வராது என்பது என் கணிப்பு. சாவி என்னிடம். எதிர்வீடு, டீக்கடை எல்லா இடத்திலும் அவருக்கு இனிப்பு கொடுக்கக் கூடாது என்று சொல்லி வைத்தேன்.

மூன்றாவது வாரம் ஒரு முற்பகலில் நான் வேலை பார்க்கும் அச்சகத்துக்குப் போன் வந்தது. எதிர்வீட்டிலிருந்து அக்கா.

"ஏலே, உங்க மச்சானுக்கு வேர்த்து ஊத்துது. கை நடுங்குது. என்னையவே யாருன்னு கேக்குறாருடா."

"எங்கயோ இனிப்பத் திருடித் தின்னுருக்காரு. சுகர் ஏறிருச்சு. நான் வார வரைக்கும் ஒண்ணும் குடுக்காதே."

என் வாழ்க்கையில் இவ்வளவு உறுதியாக நான் வேறு எதையும் சொன்னதில்லை.

ஆட்டோ பிடித்தேன். வழியில் லாரிகள் மறித்து நின்றன. என் பதற்றத்தைப் பார்த்து ஆட்டோக்காரர் விசாரித்தார், சொன்னேன்.

"காலைல என்ன சாப்ட்டாரு?"

"வெள்ளரிக்காய்."

"மாத்திரை?"

"போட்டுருப்பாரு."

அவர் முழுசாகத் திரும்பி என்னைப் பார்த்தார். "எங்கம்மாவுக்கும் இப்பிடித்தான் ஆச்சு. சுகர் ஏறலண்ணே, எறங்கிருச்சு. ஒடனே சீனி குடுக்கணும். விட்டா ஆளு போயிருவாரு."

புத்தகத்தில் அப்படி ஒரு பக்கம் இருந்தது. அதில் இரண்டு கமா சேர்த்தது நான்தான்.

அவர் ஆட்டோவைச் சந்துக்குள் திருப்பினார். நான் சட்டைப்பையைத் தடவினேன். பேனா, பஸ் டிக்கெட். சாவி அச்சக மேசை இழுப்பறையில் கிடந்தது.

வீட்டுக்குள் மச்சான் சுவரில் சாய்ந்திருந்தார். கண் திறந்திருந்தது, பார்வைதான் எங்கேயோ இருந்தது. அம்மிக் குழவியால் பூட்டை ஓங்கி அடித்தேன். அது அசையவில்லை.

"எதிர்வீட்டுல சீனி வாங்குக்கா, ஓடு!"

"நீதானலே ஒண்ணும் குடுக்காதேன்ன?" என்று கேட்டுக்கொண்டே அக்கா ஓடினாள்.

அதற்குள், என் கூடவே உள்ளே வந்து காற்றுக்காக மச்சானின் சட்டைப் பொத்தானைக் கழற்றிய ஆட்டோக்காரர், அந்தச் சட்டைப்பையில் எதையோ கண்டார். காகிதப் பொட்டலத்தில் மூன்று தேன்மிட்டாய். டீக்கடைக்காரர் என் பேச்சைக் கேட்கவில்லை, நல்லவேளை.

"மாமா, மெல்லுங்க. முழுங்குங்க. அம்புட்டுத்தான்" என்று ஆட்டோக்காரர் ஒரு மிட்டாயை அவர் வாயில் வைத்தார்.

மச்சான் மெல்ல மென்றார். அக்கா கொண்டுவந்த சீனித் தண்ணீரையும் குடித்தார். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். முள் நகரவே மாட்டேன் என்றது. கடைசியில் அவர் கண் என்னிடம் வந்து நின்றது. அடையாளம் தெரிந்ததும் அவசரமாகச் சட்டைப்பையைக் கையால் மூடிக்கொண்டார். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

அதே ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே சாப்பாட்டு யோசனை சொல்லும் அம்மா, அக்கா சுவரிலிருந்து பிய்த்துக் கொண்டுவந்த என் அட்டையைப் படித்துவிட்டுக் கவிழ்த்து வைத்தார். "ஒங்களுக்கு என்ன சாப்பிடப் புடிக்கும்?" என்று மச்சானைக் கேட்டார். மச்சான் அனுமதிக்காக என்னைப் பார்த்தார்.

"அவரப் பாக்காதீங்க. என்னையப் பாத்துச் சொல்லுங்க."

"மூணு இட்லி தின்னாத்தாம்மா பட்டறைல நிக்க முடியுது" என்றார். மூன்று வாரமாக யாரும் அதைக் கேட்கவில்லை.

"தின்னுங்க. கூடச் சாம்பாரும் காயும் நெறைய எடுத்துக்கங்க. சோத்துல மட்டும் ஒரு கரண்டியக் கொறைச்சுப் பாப்போம். மாத்திரையப் போட்டுட்டுப் பட்டினி கெடக்காதீங்க. பையில மிட்டாய் இருக்கட்டும், இந்த மாதிரி நடுக்கம் வந்தா மட்டும்."

சாயந்தரம் சாவியைக் கொண்டுபோய்க் கொடுத்து, மன்னிப்புக் கேட்டேன். மச்சான் பூட்டைத் திறந்து, குழவி பட்ட இடத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"நீ செஞ்சதுல உருப்படியானது இந்தப் பூட்டு ஒண்ணுதான் மாப்ளே. அதுவும் நான் செஞ்சது."